ஆர்மோனியம் கேட்க வெட்கம் எதற்கு?

உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது என்று வகுப்பில் கேட்டால் பல கைகள் உயரும். ஆனால், "பிடித்திருந்தும் பிடிக்கும் என்று வெளியே சொல்லத் தயங்கும் பாட்டு எது?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு முழுவதும் அமைதியாகிவிடும்.

அந்த அமைதி எனக்கு நன்கு பழக்கமானது. போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் என் தாயாரின் ஊர். மேற்கே தலை நிமிர்ந்தால் ஏலமலை தெரியும். என் தாய்மாமாவுக்குப் பகலில் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. திருவிழாக் காலம் வந்துவிட்டால் இரவில் நாடக மேடையில் ஆர்மோனியம். 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். துருத்தியைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வாசித்தபடியே மாமா பின்பாட்டும் பாடுவார். சிறு வயதில் அந்தப் பெட்டியின் அருகிலேயே சமுக்காளத்தில் படுத்துத் தூங்கியவன் நான்.

பிறகு கல்லூரி விடுதிக்குப் போனேன். அங்கே மேல்நாட்டு மின்கித்தார்க் குழுக்களின் பாட்டுத்தான் மதிப்பு. அவற்றிலும் சாதி பிரித்திருந்தார்கள். பழைய டிஸ்கோக் குழு ஒன்றை விரும்பிய நண்பன், அந்தக் கேசட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தான். நான் ஆர்மோனியத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு திருவிழாவுக்கு விடுதி நண்பர்கள் இருவர் ஊருக்கு வந்தார்கள். மேடையிலிருந்து மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாரடா அவர், உனக்குத் தெரிந்தவரா?" என்றான் ஒருவன். "ஊர்க்காரர்" என்றேன். அந்த ஒரு சொல் இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதன் தன் காதுக்கு இனிமையானதை ஏன் மறைக்கிறான்? இதை அறிவியல் வழியில் ஆராய்ந்து பார்ப்போம்.

பித்தளை நாக்கின் வேலை

முதலில் பெட்டியைத் திறப்போம். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள் இருக்கும். ஒவ்வொரு நாக்கும் ஒரு முனையில் மட்டும் பொருத்தப்பட்டு, தன்னைவிடச் சற்றே பெரிய துளைக்கு மேல் நிற்கிறது. கட்டையை அழுத்தியதும் துருத்தியிலிருந்து வரும் காற்று அந்த நாக்கை அசைக்கிறது. நாக்கு துளைக்குள் போய் வரும்போதெல்லாம் காற்று துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒரு விநாடியில் 240 முறை வெட்டினால், 240 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள சுரம் பிறக்கிறது. கூடவே அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் ஏராளமாகப் பிறக்கின்றன. ஆர்மோனியத்தின் கணீரென்ற ஒலிக்கு இவையே காரணம்.

சுருதி கூட்டுவதும் எளிய இயற்பியலே. நாக்கின் நுனியைச் சற்று அராவினால் எடை குறைந்து விரைவாக அதிரும், சுருதி ஏறும். அடிப்பகுதியை அராவினால் விறைப்புக் குறைந்து மெதுவாக அதிரும், சுருதி இறங்கும்.

இந்தக் கருவி நம் நாட்டில் பிறந்ததன்று. பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1840-களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கி வாசிக்கும் வடிவத்தைப் பரப்பினார். தமிழ் நாடக மேடை அதை இரு கரம் நீட்டி வரவேற்றது. ஒலிபெருக்கி வராத நாட்களில் திறந்த வெளியில் பல நூறு பேருக்குக் கேட்க வேண்டும்; விடியும் வரை சுருதி கலையக் கூடாது. இவ்விரண்டையும் செய்யும் கருவி வேறு எது?

குற்றச்சாட்டு என்ன?

இருந்தும், ஆர்மோனியத்தின் மேல் இசை அறிஞர்கள் கடுமையான குறை கூறினார்கள். அந்தக் குறையில் உண்மையும் இருந்தது.

ஆர்மோனியத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த மேல்நிலையில் வரும் அதே சுரத்துக்கும் இடையே 12 சம படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறக்குறைய 1.0595 மடங்காகிறது. 'ச' 240 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். இயற்கையான விகிதப்படி அந்தர காந்தாரம் அதன் 5/4 மடங்கு, அதாவது 300 ஹெர்ட்ஸ். ஆர்மோனியக் கட்டையோ 302.4 ஹெர்ட்ஸ் தருகிறது. 'ச'வின் ஐந்தாம் மடங்கு 1200. கட்டைக் காந்தாரத்தின் நான்காம் மடங்கு சுமார் 1209.5. இவை இரண்டும் மோதும்போது விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பதரை விம்மல்கள் தோன்றும். நுட்பமான காதுக்கு இது நெருடல்தான்.

பஞ்சமத்தில் நிலைமை மேல். இருக்க வேண்டியது 360, கிடைப்பது 359.6. விம்மல் விநாடிக்கு ஒன்றுகூட இல்லை. மற்றொரு குறை, ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு ஒலியை இழுத்து வழுக்கிச் செல்ல முடியாது. நம் இசையின் உயிரான கமகங்களுக்கு இங்கே வழியில்லை.

இந்தக் காரணங்களைக் காட்டி 1940-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. மகாகவி தாகூரும் ஆர்மோனியத்தை எதிர்த்தவரே. 1971-இல்தான் இந்தத் தடை ஓரளவு தளர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'இந்தக் காந்தாரம் 2.4 ஹெர்ட்ஸ் கூடுதல்' என்பது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. 'ஆகவே இதைக் கேட்டு மகிழ்பவன் ரசனை கெட்டவன்' என்பது அளந்து கண்ட உண்மையன்று. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்குத் தாவுவதற்கு எந்தக் கணக்கும் உதவாது. மின்கித்தாரையே பாருங்கள். மின்பெருக்கி தாங்க முடியாத அளவு மிகைப்பட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். பொறியாளருக்கு அது பிழை. ராக் இசைக் குழுக்களுக்கோ அதுவே அழகு!

கடல் கடந்து வந்த பாட்டு

ரசனைக்கு வேலி போட முயன்ற இன்னொரு வரலாறும் உண்டு. 1952-இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்க்க விரும்பி, வானொலியில் திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள்.

கொழும்பிலிருந்து போடி ஏறக்குறைய 440 கிலோமீட்டர். பூமியின் வளைவையும் மலைகளையும் தாண்டி அலைகள் எப்படி வந்தன? தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே, சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டல அடுக்குகள் உள்ளன. சிற்றலைகள் அவற்றில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்பும். மத்திய அலைகளைப் பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைவதால் அவையும் நெடுந்தொலைவு செல்லும். தடையாணைக்குக் கட்டுப்படாத வானம் பாட்டைக் கொண்டுவந்து இறக்கியது. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடம் தந்து விவித பாரதியைத் தொடங்கியது.

எட்டு உலகங்கள்

சரி, எது உயர்ந்த பாட்டு என்பதை நாலு பேர் தலையாட்டுவதைக் கொண்டு முடிவு செய்யலாமா? அமெரிக்காவில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் இதைச் சோதித்து, 2006-இல் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்டவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் தரப்பட்டன. மற்றவர்கள் எட்டு தனித்தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள். தம் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் அவர்களுக்குத் தெரியும். பாட்டின் தரம் மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்றால், எட்டு உலகங்களிலும் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஒரே பாட்டு ஓர் உலகில் முதலிடம் பெற்றது. இன்னோர் உலகில் 40-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பது அரிது; மிக மோசமானவை வெல்வதும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம். முதலில் வந்தவர்களின் தேர்வு, பின்னால் வந்தவர்களை இழுத்துச் சென்றது.

நாகரிகம் என்பதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட தற்செயல்தான். நம் விடுதியும் ஓர் 'உலகம்'. அடுத்த விடுதி வேறோர் உலகம்.

மூளை என்ன சொல்கிறது?

கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரையும் தமக்கு மெய்சிலிர்க்க வைக்கும் இசையைத் தாமே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதைக் கேட்கும்போது, மகிழ்ச்சியுடன் தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் அவர்களின் மூளையில் சுரந்தது. பிடித்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதே அது சுரக்கத் தொடங்கியது! எதிர்பார்க்க வேண்டுமானால் முன்பே பழகியிருக்க வேண்டும். சமுக்காளத்தில் படுத்துக் கேட்ட ஆர்மோனியம் எனக்கு இனிப்பதில் என்ன வியப்பு?

இதற்காக, பழகியதை மட்டுமே கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதியதையும் பலமுறை கேட்டுப் பழகுங்கள். குறை இருந்தால் குறையென்று அளந்து சொல்லுங்கள். ஆனால் பிடித்ததைப் பிடிக்கும் என்று சொல்ல அஞ்சாதீர்கள். நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா, மேடையில் ஆர்மோனியத்துடன் அமர்ந்து பாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செய்து பாருங்கள்

ஓர் இரும்பு அளவுகோலின் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடியுங்கள். 20 செ.மீ. வெளியே நீட்டி, நுனியைத் தட்டிவிடுங்கள். பிறகு நீளத்தை 10 செ.மீ. ஆக்குங்கள். நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரிந்த ஆட்டம், நீளம் குறையக் குறைய 'ர்ர்ர்' என்ற ஒலியாக மாறுவதைக் கேட்கலாம். ஆர்மோனிய நாக்கின் இரகசியம் இதுவே.

சென்ற ஆண்டு விம்மல்கள் பாடத்துக்காக மாமாவைக் கல்லூரிக்கு அழைத்து வந்தேன். அவர் 'ச'வையும் 'ப'வையும் சேர்த்து அழுத்தினார். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விம்மல்களை எண்ணினார்கள். கணக்கின்படி பத்து விநாடிக்கு எட்டு வர வேண்டும். அவர்கள் பதினொன்று என்றார்கள். "பழைய பெட்டி மாப்பிள்ளை, அரம் போட்டு நாளாச்சு" என்று சிரித்தார் மாமா.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, ஆர்மோனியம் நல்ல வாத்தியமா, இல்லையா?" நான் வாயெடுப்பதற்குள் மாமா பதில் சொன்னார்: "ஏலக்காய்க்குச் சல்லடை இருக்கும்மா. எட்டு மில்லிமீட்டர்ல நின்னா பெரிய காய், விழுந்தா சின்னக் காய். காதுக்கு எந்தச் சல்லடையைக் கட்டுறது?"

"இவர் யாருங்க ஐயா?" என்றாள் அவள்.

"என் தாய்மாமா" என்றேன்.