வாடும் செடிக்கு நீர் மட்டும் போதுமா?

நீண்ட சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குடும்பங்களில், நோயாளிக்கு அடுத்தபடியாகக் கவனிப்புக்குக் காத்திருப்பவை தொட்டிச் செடிகளே. முற்றத்துத் துளசி, அடுக்களை வாசலில் கறிவேப்பிலை, மாடியில் பிச்சிக்கொடி, இருமலுக்கென வளர்த்த கற்பூரவல்லி என ஒவ்வொன்றும் வாடி நிற்பதைக் கண்டதும் வாளி வாளியாக நீர் ஊற்றுகிறோம். ஊற்றிய நீர் சில நொடிகளில் அடித்துளை வழியே வெளியேறி, கீழே வைத்த தட்டில் தேங்குகிறது. மறுநாளும் செடி தலை தொங்கி நிற்கிறது. செடிக்குப் பயன்படாத அந்த நீர், ஒரு வாரம் கழித்து கொசுவுக்குப் பயன்படுகிறது. செடியின் நலமும் வீட்டாரின் நலமும் சந்திக்கும் இந்த இடத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

வாடல் ஓர் அறிகுறியே

காய்ச்சல் எவ்வாறு பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறியோ, அவ்வாறே வாடலும் பல குறைகளுக்குப் பொதுவானது. மண் காய்ந்தாலும் செடி வாடும். மண்ணில் நீர் மிகுந்து, காற்றின்றி வேர் அழுகினாலும் வாடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் மேலும் நீர் ஊற்றுவது தீங்காகும். ஆகவே, பூவாளியை எடுக்கும் முன் விரலை மண்ணில் ஓர் அங்குல ஆழம் விட்டுப் பாருங்கள். சிறிய தொட்டியாயின் தூக்கியும் பார்க்கலாம். நீருண்ட தொட்டி கனக்கும். காய்ந்த தொட்டி எடையற்று வரும்.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் ஒரே தொட்டியில் இருக்கும் செடியின் வேர்கள் சுவரை அடைந்ததும், மேலே செல்ல வழியின்றி உட்புறமாகவே சுற்றிச் சுற்றி வளர்கின்றன. நாளடைவில் தொட்டிக்குள் மண் குறைந்து வேரே மிகுகிறது. அந்த வேர்க்கட்டு ஒருமுறை நன்கு காய்ந்துவிட்டால், சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். பிறகு ஊற்றும் நீரெல்லாம் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடுகிறது. நடுப்பகுதி நனைவதே இல்லை. காலையில் நீர் ஊற்றியும் மாலைக்குள் வாடுதல், அடித்துளையில் வேர் நீட்டிக்கொண்டிருத்தல், பிளாஸ்டிக் தொட்டி புடைத்தல், புதுத் தளிர் சிறுத்தல் ஆகியவை இதற்கான அடையாளங்கள்.

தொட்டி மாற்றும் முறை

முதலில் தொட்டியை ஒரு வாளி நீரில், குமிழிகள் வருவது நிற்கும் வரை சுமார் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். பின்னர் சிறிது நேரம் நீர் வடியவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினால் வேர்க்கட்டு முழுதாகக் கழன்று வரும். சுற்றிய வேர்களை விரலால் மெல்லப் பிரியுங்கள். பாய் முடைந்தாற்போல் இறுகியிருந்தால், கூரிய கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் சுருண்ட பகுதியை வெட்டி நீக்கலாம். சுற்றிய வேரை அப்படியே நட்டால், புதிய தொட்டியிலும் அது பழைய வட்டத்திலேயே சுற்றும்.

புதிய தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைத் தேக்கி அழுகலை வரவழைக்கும். செம்மண் இரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு ஏற்றது. இதற்கென ஆற்று மணலைத் தேட வேண்டியதில்லை. துளையை மறைக்க ஒரே ஓர் ஓட்டுத்துண்டு போதுமானது. நட்ட பின், அடியில் நீர் வடியும் வரை ஊற்றி, ஒரு வாரமாவது நிழலில் வையுங்கள்.

நம் ஊர்க் காற்றும் நீரும்

ஆனி, ஆடி மாதங்களில் பொதிகை மலையில் சாரல் பொழியும். தாமிரபரணியில் நீர் பெருகும். ஆனால் மலையின் மழைமறைவில் உள்ள திருநெல்வேலிச் சமவெளியில் அதே மாதங்களில் மழையின்றி மேல்காற்று வீசுகிறது. கயத்தாற்றின் காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, மாடித் தொட்டியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். காருகுறிச்சியில் வனையப்படுவன போன்ற மண்தொட்டிகள் சுவர் வழியாகவும் நீரை ஆவியாக்குவதால் அவை விரைவில் காயும். பிளாஸ்டிக் தொட்டிகளில் ஈரம் நெடுநேரம் தங்கும். எனவே எல்லாத் தொட்டிகளுக்கும் நாள்தோறும் ஒரே அளவு என்பது பொருந்தாது. தொட்டி மாற்றுவதற்குப் பங்குனி, சித்திரை வெயிலையும் மேல்காற்றுக் காலத்தையும் தவிர்த்து, ஐப்பசி மழை தொடங்கும் நாட்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரை ஊற்றும் வீடுகளில் மண்ணின் மேல் வெள்ளைப் படிவு காணப்படும். மாதம் ஒருமுறை மழைநீரோ ஆற்றுக் குடிநீரோ தாராளமாக ஊற்றி வடியவிட்டால் அவ்வுப்பு கரைந்து வெளியேறும்.

தட்டில் தேங்கும் நீர்

2012ஆம் ஆண்டில் கடையநல்லூர் உள்ளிட்ட நம் பகுதி ஊர்களை டெங்குக் காய்ச்சல் வாட்டியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரே அதற்கு ஏற்ற இடம். தொட்டித் தட்டில் நிற்கும் சிறிதளவு நீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் கிடந்தும், மீண்டும் நனைந்தால் பொரிக்கக்கூடியவை. ஆகையால் நீரைக் கொட்டுவதுடன் நில்லாமல், வாரம் ஒருமுறை தட்டை நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிதோறும் வீடு கழுவும் வழக்கமுள்ள இல்லங்களில் அன்றே இதையும் செய்துவிடலாம். மாடியிலும் முற்றத்திலும் தட்டே இல்லாதிருப்பது இன்னும் நல்லது.

மண்ணைத் தொடுவோர் கவனத்திற்கு

மண்ணிலும் மக்கிய உரத்திலும் கிருமிகளும் பூஞ்சைகளும் இயல்பாகவே வாழ்கின்றன. உடல்நலமுள்ளோருக்கு அவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோர் தொட்டி மாற்றும் பணியைப் பிறரிடம் விடுவதே நன்று. அவ்வேளையில் அருகில் அமர்வதையும் தவிர்க்கலாம். நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடத்தலும், கையில் கீறலுடன் மண் பிசைதலும் கூடா. மண்ணிலிருந்து பரவும் மெலியாய்டோசிஸ் என்னும் கடுந்தொற்று தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவு உள்ளோரையே அது அதிகம் தாக்குகிறது. மண்ணில் இறங்குவோர் எவராயினும் கையுறையும் காலணியும் அணிந்து, காய்ந்த உரத்தைச் சற்று நனைத்துக் கையாண்டு, முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

நோயாளிகள் செடியைவிட்டு முற்றிலும் விலக வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. எந்தப் பணி தகும் என மருத்துவரிடம் கேட்டறிந்து, தளிர் விட்டதா எனப் பார்ப்பது, எதற்கு நீர் தேவை என வீட்டாருக்குச் சொல்வது போன்றவற்றை அவர்கள் மேற்கொள்ளலாம்.

வீட்டில் ஆளில்லாத நாட்களில்

திடீரென மருத்துவமனையில் தங்க நேரும்போது, தட்டு நிறைய நீர் வைத்துச் செல்வது பலரின் வழக்கம். அதைத் தவிருங்கள். தொட்டிகளை நிழலில் நெருக்கி வைத்து, நன்கு நீர் ஊற்றி வடியவிட்டு, மண்ணின் மேல் காய்ந்த இலைகளையோ தென்னை நாரையோ பரப்பினால் ஈரம் சில நாட்கள் கூடுதலாக நிற்கும். அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைப்போர், “தினமும் ஊற்றுங்கள்” என்பதற்குப் பதிலாக, “விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், தட்டில் நின்றால் கொட்டிவிடுங்கள்” என்று சொல்லுங்கள்.

வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்காமல் மருத்துவரை அணுகுங்கள். புற்றுநோய் சிகிச்சை பெறுவோர்க்குக் காய்ச்சல் வந்தால் அன்றே, அந்த நேரமே வர வேண்டும்.