ஆண்கள் குழுவுக்குப் பெண் பயிற்றுநர்: கதவு எப்போது திறக்கிறது?

2023 ஜனவரி 10ஆம் தேதி இரவு நம்மில் பலருக்கு இன்னும் உறுத்தலாக இருக்கும். ஏ.எப்.எப். கிண்ண அரையிறுதி. மூன்று நாளுக்கு முன் புக்கிட் ஜாலிலில் 1-0 என்று ஜெயித்த மலேசியாவின் ஹரிமாவ் மலாயா, தாய்லாந்தின் தம்மாசாட் அரங்கில் 0-3 என்று தோற்றுத் திரும்பியது. அந்தத் தாய்லாந்துக் குழுவோடு எப்போதும் ஒரு பெண்மணி இருந்தார். மாமாக் கடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் நடுவே, "அந்தம்மாதான் அவங்களுக்குக் கோச்சா?" என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

இல்லை. அவர் மேடம் பாங் என்று அழைக்கப்படும் நுவல்பான் லம்சம். அன்றைக்குக் காப்புறுதி நிறுவனத் தலைவர், போர்ட் எப்சி கிளப்பின் தலைவர், தாய்லாந்து ஆண்கள் தேசியக் குழுவின் நிர்வாகி. பயிற்றுநர் மானோ போல்கிங். கிளப்புகளோடு பேசி ஆட்டக்காரர்களை வரவழைப்பது, செலவைப் பார்ப்பது, ஊக்கத்தொகை தருவது எல்லாம் நிர்வாகியின் வேலை. யார் ஆடுவது, எந்த முறையில் ஆடுவது, 60ஆவது நிமிடத்தில் யாரை வெளியே எடுப்பது என்பதெல்லாம் பயிற்றுநரின் வேலை. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாநிலக் குழுக்களின் நிர்வாகி நாற்காலியில் அரசியல்வாதிகள் உட்கார்ந்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள்தானே. மேடம் பாங் 2024 பிப்ரவரியில் தாய்லாந்துக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவே ஆகிவிட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பணமும் செல்வாக்கும் உள்ள பெண்ணுக்குக் காற்பந்தில் மேல்மாடி வரை வழி இருக்கிறது. திடலோரத்தில் நின்று ஆண்களுக்கு உத்தரவு போடும் அந்த ஒரு இடம்தான் சிக்கல்.

அந்த இடத்துக்கு வந்து, ஒரு நாட்டின் முதல் நிலை ஆண்கள் லீக்கையே வென்ற முதல் பெண் ஐரோப்பாக்காரர் அல்லர். ஹாங்காங்கைச் சேர்ந்த சான் யுவென் டிங். கின்னஸ் பதிவிலும் அவர் பெயர்தான்.

சிறு வயதில் டேவிட் பெக்காமைப் பார்த்துப் பந்தின் மேல் பைத்தியமானவர். பல்கலைக்கழகத்தில் படித்தது புவியியல். ஆண்கள் கிளப்புக்குள் அவர் நுழைந்தது பெகாசஸ் கிளப்பில் தரவு ஆய்வாளராக. ஆட்டத்தின் காணொளியை ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து, எதிர்க்குழுவின் இடது தற்காப்பு எத்தனை முறை இடம் விட்டது, எந்த நிமிடத்துக்குப் பிறகு கால் தளர்ந்தது என்று குறித்துத் தருகிற வேலை. கேமராவில் முகம் விழாத வேலை. ஆனால் ஆட்டத்தை இப்படிப் படிக்கிறவர் பயிற்றுநர் அறையில் பேசாமல் இருக்க முடியாது. தலைமைப் பயிற்றுநருக்கும் அவரைக் கேட்காமல் முடியாது. பிறகு இளையோர் குழு, அதன்பின் ஈஸ்டர்ன் கிளப்பில் துணைப் பயிற்றுநர். 2015 டிசம்பரில் அங்கிருந்த தலைமைப் பயிற்றுநர் சீனாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். லீக் பாதியில் நிற்கிறது. கிளப் சானைக் கூப்பிட்டது. அப்போது அவருக்கு வயது 27. குழுவிலேயே அவரைவிட மூத்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்.

2016 ஏப்ரல் 22ஆம் தேதி சவுத் சைனா குழுவை 2-1 என்று வீழ்த்தி ஈஸ்டர்ன் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. 21 ஆண்டுகளில் அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம். அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த பெண் பயிற்றுநர் விருதும் சானுக்கே.

பட்டம் வென்றதால் 2017இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக். முதல் ஆட்டமே குவாங்சோ எவர்கிராண்டே. எதிர்ப்பக்கம் நின்றவர் 2002இல் பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த ஸ்கொலாரி. முடிவு 0-7. இந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. அடுத்த ஆட்டத்தில் ஜப்பானின் கவாசாக்கி பிரொன்டாலேயை அதே ஈஸ்டர்ன் 1-1 என்று நிறுத்தியது. அதைப் பெரிதாக எழுதியவர்கள் குறைவு. கோடிக்கணக்கில் செலவழித்த சீனக் கிளப்பிடம் ஹாங்காங் கிளப் ஏழு கோல் வாங்குவது அதிசயமில்லை. ஆண் பயிற்றுநராக இருந்திருந்தால் அது வெறும் ஸ்கோர். பெண் என்றதும் அது தீர்ப்பாகிவிடுகிறது.

சான் வந்த விதத்தை இன்னொரு முறை பாருங்கள். முன்னவர் திடீரென்று போனார், இவர் உள்ளே இருந்தார், கையில் வேறு ஆள் இல்லை. இதே வரிசை மற்ற இடங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. 2023 ஜூலையில் இங்கிலாந்தின் பாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கிளப் டங்கன் பெர்குசனை அனுப்பிவிட்டு, இளையோர் பிரிவின் தலைவர் ஹன்னா டிங்லியைத் தற்காலிகப் பொறுப்பில் வைத்தது. இங்கிலாந்தில் தொழில்முறை ஆண்கள் குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் பெண். நட்புமுறை ஆட்டம் மட்டும், இரண்டு வாரம், பிறகு நாற்காலி வேறொருவருக்கு. அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கிளப்பில் பயிற்றுநர் விலகிய குழப்பத்தில் மாரி-லூயிஸ் எட்டா துணைப் பயிற்றுநரானார். பண்டஸ்லீகாவில் அந்தப் பொறுப்புக்கு முதல் பெண். 2024 ஜனவரியில் தலைமைப் பயிற்றுநர் பயெலிச்சா எதிர்க்குழு ஆட்டக்காரரின் முகத்தில் கை வைத்துத் தடை வாங்கியதும், எட்டா கோட்டோரம் நின்று குழுவை வழிநடத்தினார். டார்ம்ஸ்டாட்டை 1-0 என்று ஜெயித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் மூன்றாம் நிலை லீக்கின் இங்கோல்ஸ்டாட் கிளப் பயிற்றுநரை நீக்கியபோது, அங்கேயே இளையோர் குழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த சப்ரினா விட்மன் தற்காலிகமாக வந்தார். அவரை மட்டும் ஜூனில் நிரந்தரமாக்கினார்கள். ஜெர்மனியில் தொழில்முறை ஆண்கள் குழுவொன்றின் தலைமைப் பயிற்றுநரான முதல் பெண் அவர்.

நிதானமாக விளம்பரம் போட்டு, பத்துப் பேரை நேர்காணல் செய்து, அதில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்த கதை அபூர்வம். கப்பல் ஆடும்போதுதான் சுக்கானைக் கொடுக்கிறார்கள்.

பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த கிளேர்மோன் கிளப்பின் கதை இவற்றிலெல்லாம் விரிவாகச் சொல்லத் தக்கது. 2014 மே மாதம் அந்தக் கிளப் போர்த்துகலைச் சேர்ந்த ஹெலேனா கோஸ்தாவைப் பயிற்றுநராக அறிவித்தது. கத்தார், ஈரான் பெண்கள் தேசியக் குழுக்களை நடத்தியவர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. ஒரு ஆட்டம்கூட நடக்கும் முன், ஜூனிலேயே அவர் கிளம்பிவிட்டார். புதிய ஆட்டக்காரர்களை எடுத்ததும் நட்புமுறை ஆட்டங்களை ஏற்பாடு செய்ததும் தன்னைக் கேட்காமலே நடந்தன என்று அவர் சொன்னார். பெயருக்கு முகமாக இருக்க மறுத்துவிட்டார் என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

கிளப் உடனே வேறொரு பெண்ணைத் தேடியது. பிரான்ஸ் பெண்கள் குழுவின் முன்னாள் தலைவி கொரின் டியாக்ர் வந்தார். முதல் ஆட்டம் பிரெஸ்ட்டிடம் 1-2 தோல்வி. கிளப் அவரை விடவில்லை. மூன்று முழுப் பருவங்கள் இருந்தார். 2015இல் இரண்டாம் நிலை லீக்கின் சிறந்த பயிற்றுநர் என்று பிரான்ஸ் புட்பால் இதழ் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் பிரான்ஸ் பெண்கள் தேசியக் குழு அவரை அழைத்துக்கொண்டது.

அதன்பிறகு நடந்ததுதான் நம் பழைய பேச்சுகளையெல்லாம் குழப்புகிறது. ஆண்கள் உடைமாற்றும் அறையில் பெண்ணை மதிப்பார்களா, பேச்சைக் கேட்பார்களா என்பதுதானே எப்போதும் கேட்கப்படும் கேள்வி? டியாக்ருக்கு எதிராகக் கலகம் வெடித்தது கிளேர்மோன் ஆண்களிடமிருந்து அல்ல, பிரான்ஸ் பெண்கள் குழுவிலிருந்து. 2023 பிப்ரவரியில் தலைவி வெண்டி ரெனார், இந்த நிலைமையில் உலகக் கிண்ணத்துக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். சக ஆட்டக்காரிகள் டியானி, கத்தோத்தோ இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மார்ச் மாதம் டியாக்ர் நீக்கப்பட்டார். ஒரு பயிற்றுநர் குழுவை ஆளும் முறை சரியில்லை என்றால் ஆண், பெண் என்று பார்த்து யாரும் பொறுப்பதில்லை. இதில் பெண் பயிற்றுநர்களுக்குப் பாதகமாக எதுவும் இல்லை. சாதாரணப் பயிற்றுநருக்கு நடக்கும் சாதாரண விஷயம் அவருக்கும் நடந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாதம், "ஆண்கள் காற்பந்தில் ஆடாதவர் ஆண்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?" என்பது. இது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாம் கைதட்டிய பயிற்றுநர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் மொத்தம் 4-2 என்று வென்று சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்த கே. ராஜகோபால், பழைய தேசிய ஆட்டக்காரர். ஆடி முடித்தவர் பயிற்றுநராவது இங்கே எழுதாத சட்டம். ஆனால் ஜோசே மொரின்யோ பெரிய ஆட்டக்காரராக இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் லிஸ்பனில் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து மேலே வந்தவர். அவருக்குக் கிடைத்தது ஒரு பெரிய பயிற்றுநரின் பக்கத்து நாற்காலி. பெண்களுக்குக் கிடைக்காதது அந்த நாற்காலிதான்.

அதோடு, பெண்கள் ஆடாமல் போனது தற்செயலும் அல்ல. 1921இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தன் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அது நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. எட்டா அந்தத் தடை நீங்கிய பிறகு வளர்ந்த தலைமுறை. ஆட்டக்காரியாக 2010இல் பொட்ஸ்டாம் குழுவோடு பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கை வென்றவர். நம் பக்கம் தடைக்குப் பதில் ஒரு தொடக்கம் இருந்தது. 1968இல் ஆசியப் பெண்கள் காற்பந்துக் கூட்டமைப்பை ஆரம்பித்த நான்கு இடங்களில் மலேசியாவும் ஒன்று. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் பெண்கள் போட்டியில் மலேசியா நான்காவதாக வந்தது. ஆட்டக்காரிகள் இருந்தார்கள். அவர்களைப் பயிற்றுநர்களாக்கும் ஏணியைத்தான் யாரும் போட்டுத் தரவில்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 2023 பெண்கள் உலகக் கிண்ணத்துக்கு வந்த 32 குழுக்களில் 12க்குத்தான் பெண் பயிற்றுநர். மீதி 20 ஆண்கள். தமிழ்நாட்டின் கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்றுநரிடம் வளர்ந்த இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்திய தேசியக் குழு வரை போனார்கள். நல்ல வேலை, பாராட்ட வேண்டியது. ஆண் எப்படிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பார் என்று அங்கே யாரும் தலையைச் சொறியவில்லை. 2021இல் செல்சி பெண்கள் குழுவின் பயிற்றுநர் எம்மா ஹேய்ஸ் பெயர், மூன்றாம் நிலையில் இருந்த ஏஎப்சி விம்பிள்டன் ஆண்கள் குழுவோடு சேர்த்துப் பேசப்பட்டபோது அவர் எரிச்சலோடு பதில் சொன்னார். உலகத் தரமான பெண்கள் குழுவை விட்டு அங்கே போவதைப் பதவி உயர்வு என்று நினைப்பதே பெண்களின் ஆட்டத்தை அவமதிப்பது என்பது அவர் கருத்து. ஆண்கள் குழுவை எல்லாப் பெண் பயிற்றுநர்களும் ஏங்கும் சிகரமாக எழுதும் நம் செய்தியாளர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைக்கலாம்.

இனி மலாக்காவுக்கு வருவோம். புக்கிட் காத்தில், டுரியான் துங்கால், ஜாசின் என்று எங்கே எடுத்தாலும் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். பையன்கள் காற்பந்துக் குழுவின் பொறுப்பாசிரியர் பல இடங்களில் டீச்சர்தான். சாயங்காலம் திடலில் கூம்புகளை அடுக்கி, விசிலைக் கழுத்தில் மாட்டி, "டேய், பந்து பின்னாடியே எல்லாரும் ஓடாதீங்கடா, ஓரத்துல ஒருத்தன் நில்லு" என்று கத்துவது அவர்தான். காலணி இல்லாத பையனுக்கு யாரிடமாவது சொல்லி வாங்கித் தருவதும் அவர்தான். பதினோரு வயதுப் பையன் ஒருவனும் பெண் சொன்னாள் என்பதற்காகக் கேட்காமல் இருப்பதில்லை. அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பயிற்றுநர் ஆணாக மாறிவிடுகிறார். டீச்சரின் அத்தனை ஆண்டு அனுபவமும் எந்த ஏட்டிலும் ஏறாமல் நின்றுவிடுகிறது.

ஏட்டில் ஏறுவதற்கு வழி பயிற்றுநர் லைசென்ஸ். அடிப்படை டி, பிறகு சி, பி, ஏ, எல்லாவற்றுக்கும் மேலே புரோ. சி முதல் புரோ வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சான்றிதழ். அந்தக் கூட்டமைப்பின் தலைமையகமே கோலாலம்பூரில், புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. இடையில் உண்மையான ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்த காலம் வேண்டும். மேலே போகப் போகக் கட்டணமும் ஏறும், விடுப்பும் அதிகம் தேவைப்படும். இங்கேதான் பெண்கள் உதிர்ந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் இல்லை, அதனால் குழு இல்லை. குழு இல்லை, அதனால் அடுத்த லைசென்ஸ் இல்லை.

மாநிலக் காற்பந்துச் சங்கம் நினைத்தால் செய்யக்கூடியது சிறிய காரியம். பள்ளி விடுமுறையில் ஆசிரியைகளுக்கென்று ஒரு டி வகுப்பு, கட்டணத்தில் பாதி சலுகை, பள்ளிக் குழுவை நடத்திய ஆண்டுகளைச் சி வகுப்புக்கு அனுபவமாக ஏற்கச் சொல்லி ஒரு பரிந்துரைக் கடிதம். மாநிலத்தின் 14 வயது, 16 வயதுப் பையன்கள் குழுக்களில் துணைப் பயிற்றுநர் இடம் ஒன்றை இப்படி வந்தவருக்கு ஒதுக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் பந்தும் ஜெர்சியும் வாங்கித் தரும் பணத்தில் ஒரு பங்கை டீச்சரின் வகுப்புக் கட்டணத்துக்கு எடுத்துவைக்கலாம். அடுத்த கூட்டத்தில் யாராவது இதை எழுந்து கேட்டால் நன்றாக இருக்கும்.