மயக்க மருந்தால் புற்றுநோய் திரும்புமா?

சிங்கப்பூர்ப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததும் கத்தியைவிட மயக்க மருந்தை நினைத்துப் பயப்படுவோர் உண்டு. “எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து நோயைத் திரும்ப வரவழைத்துவிடுமாமே?” தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் இடத்தில்கூட எழக்கூடிய கேள்விதான் இது.

இந்தச் சந்தேகம் ஆதாரமே இல்லாதது அல்ல. நம் ரத்தத்தில் ‘இயற்கைக் கொல்லி’ எனப்படும் அணுக்கள் உள்ளன. வழிதவறும் புற்றணுக்களைப் பிடித்து அழிக்கும் காவல்காரர்கள் இவை. அறுவை சிகிச்சையின்போது உடலில் அட்ரினலின், கார்டிசால் சுரப்பு கூடுவதால் காவல்காரர்கள் சில நாட்கள் சோர்ந்துபோகிறார்கள். மார்ஃபின் வகை வலி மருந்துகளும் செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவும் அந்தச் சோர்வைக் கூட்டலாம் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. ரத்தக் குழாயில் ஏற்றப்படும் புரோபோஃபால் அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கண்டது நோயாளிக்கும் பொருந்துமா? இதை அறிய 2007 முதல் சிங்கப்பூர் உட்பட 8 நாடுகளில், மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு வந்த 2,108 பெண்களிடம் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு முதுகுத்தண்டை ஒட்டிப் போடும் மரப்பு ஊசியும் புரோபோஃபாலும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு செவோஃப்ளுரேனும் மார்ஃபின் வகை மருந்தும். 2019இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கே நோய் திரும்பியது. வித்தியாசமே இல்லை!

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை தலைமையில் நடந்த இன்னோர் ஆய்வு 2023இல் வெளியானது. சுமார் 1,600 பெண்களில் பாதிப்பேருக்கு, அறுவை சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகைன் செலுத்தப்பட்டது. பல் பிடுங்கும்போது போடும் அதே மலிவான மருந்துதான். 5 ஆண்டுகளுக்குப் பிறகு இவர்களில் 90.1 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். ஊசி போடாதவர்களில் அது 86.4 விழுக்காடு. புற்றணுக்கள் இடம்பெயர்வதை இம்மருந்து தடுத்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மற்ற நாட்டு ஆய்வுகளும் இதை உறுதிசெய்தால்தான் எங்கும் வழக்கத்துக்கு வரும்.

இவை மார்பகப் புற்றுநோய்க்கான முடிவுகள். மற்ற புற்றுநோய்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

எனவே, மயக்க மருந்துக்குப் பயந்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போடும் நாட்களில் கட்டி வளரும். வலியைப் பொறுத்துக்கொள்வதும் பெருமையல்ல. அதுவும் உடலுக்குச் சுமைதான். சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணரைச் சந்திக்கும்போது, சாப்பிடும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனத்தில் இருக்கும் பயத்தையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.