பின்புறம் தாழ்ந்த பிக்கப் வாகனத்தை உயர்த்துதல்

விஞ்ஞானம்: விசை, திருப்பம், துருப்பிடித்தல் ஆகியவற்றின் அன்றாடப் பிரயோகம்

அறிமுகம்

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் புத்தளம் களப்பு. இக்குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்துள்ள ஊரே தலவில. மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் நடைபெறும் புனித அன்னம்மாள் திருவிழாக்களால் இவ்வூர் நாடெங்கும் அறியப்பட்டது. ஏனைய நாட்களில் இப்பகுதி வீதிகளில் மீன் பெட்டி, ஐஸ், வலை, வெங்காய மூடை, தண்ணீர்த் தாங்கி என்பவற்றை ஏற்றிச் செல்லும் பிக்கப் வாகனங்களைக் காணலாம். இவற்றை "கெப்" என்றும் அழைப்பர். அவற்றுள் சில, சுமை எதுவும் இல்லாத வேளையிலும் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் நிமிர்ந்து நிற்பதை அவதானித்திருப்பீர்கள்.

இந்நிலை அழகு பற்றிய பிரச்சினை அன்று. பின்புறம் தாழும்போது முன் விளக்கின் ஒளி மேல்நோக்கிச் சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பின்புறம் அதிக சுமையால் அழுத்தப்படுமாயின் முன் சில்லுகள் வீதியைப் பற்றும் தன்மை குறைந்து, திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். எனவே பலர் வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டு சென்று பின்புறத்தை உயர்த்துகின்றனர். ஆனால் உயரத்தைக் கூட்டுவது வேறு, தாங்கும் ஆற்றலைக் கூட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. பின்புறத்தைத் தாங்குவது எது?

பெரும்பாலான பிக்கப் வாகனங்களின் பின்புறத்தைத் தாங்குபவை தகட்டு ஸ்பிரிங்குகள் ஆகும். நீளம் குறைந்துகொண்டே செல்லும் பல உருக்குத் தகடுகள், அதாவது பிளேட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நடுவில் ஒரு போல்ட்டினால் இணைக்கப்பட்டிருக்கும். இவ்வடுக்கு வில் போல வளைந்திருக்கும். அதன் நடுப்பகுதி யூ போல்ட்டுகளால் பின் அச்சுடன் இறுக்கப்பட்டிருக்கும். முன் முனை செசியுடன் நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்க, பின் முனை ஷெக்கிள் எனப்படும் ஆடும் இணைப்பினூடாகச் செசியுடன் தொடுக்கப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது வளைவு குறைந்து ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் கூடும். அதற்கு இடம்கொடுப்பதற்காகவே ஷெக்கிள் ஆடுகின்றது.

கவனிக்க: ஷொக் அப்சோபர் சுமையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் அதிர்வை விரைவில் அடக்குவதே அதன் வேலை. ஆகவே ஷொக் அப்சோபரை மாற்றினால் தாழ்ந்த வாகனம் உயரும் என எதிர்பார்ப்பது பொதுவாகத் தவறாகும்.

2. ஹூக்கின் விதியும் நிரந்தரத் தாழ்வும்

மீள்தன்மை எல்லையினுள், ஸ்பிரிங் ஒன்றின் உருமாற்றம் அதன் மீது தாக்கும் விசைக்கு நேர்விகித சமனாகும். இதனை ஆங்கிலேய விஞ்ஞானி ரொபேட் ஹூக் 1678 ஆம் ஆண்டு வெளியிட்டார். விற்றராசு தொழிற்படுவதும் இத்தத்துவத்தின்படியே.

விசை = ஸ்பிரிங் மாறிலி × உருமாற்றம்

ஒரு ஸ்பிரிங்கின் மாறிலி மில்லிமீற்றருக்கு 50 நியூட்டன் எனக் கொள்வோம். அதன் மீது 2500 நியூட்டன் விசை தாக்கினால் அது 50 மில்லிமீற்றர் தாழும். சுமையை இறக்கியதும் பழைய நிலைக்கு மீளும்.

ஆனால் அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்பட்டால், அல்லது குழிகளில் மீண்டும் மீண்டும் மோதினால், உருக்கு மீள்தன்மை எல்லையைத் தாண்டும். அப்போது சுமையை அகற்றினாலும் வளைவு முழுமையாக மீளாது. இங்கே பலர் அறியாத ஓர் உண்மை உண்டு. இவ்வாறு வளைவு குறைந்த ஸ்பிரிங்கின் மாறிலி ஏறத்தாழ முன்பு போலவே இருக்கும். அது மென்மையாகிவிடவில்லை; தொடங்கும் உயரத்தையே இழந்துள்ளது.

கடற்கரை ஊர்களில் துருவும் ஒரு காரணமாகும். இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் தேவை. உப்பு அதனை விரைவுபடுத்தும். மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் தகடுகளின் இடையே தங்கி நிற்கும். துரு அரித்த தகடு மெலிந்து, ஒரு நாள் வெடித்து உடையும். தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமனாகும். தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். எனவே சிறிதளவு மெலிவும் பெரிய இழப்பாகும். வேலை முடிந்ததும் வாகனத்தின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுவது இதற்குச் சிறந்த தடுப்பு முறையாகும்.

3. சுமையை எங்கே வைப்பது?

விசையின் திருப்பம் = விசை × சுழலிடத்திலிருந்து விசைக்குள்ள செங்குத்துத் தூரம்

உதாரணம்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 3 மீற்றர். ஏற்றப்படும் மீன் பெட்டிகளின் திணிவு 600 கிலோகிராம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் அவற்றின் நிறை 6000 நியூட்டன் ஆகும். முன் அச்சைப் பற்றித் திருப்பம் எடுப்போம்.

(அ) சுமையின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.5 மீற்றர் முன்னால் இருப்பின்:
பின் அச்சு தாங்கும் மேலதிக விசை = 6000 × 2.5 ÷ 3 = 5000 நியூட்டன்

(ஆ) பின் அச்சுக்கு 0.5 மீற்றர் பின்னால் இருப்பின்:
பின் அச்சு தாங்கும் மேலதிக விசை = 6000 × 3.5 ÷ 3 = 7000 நியூட்டன்

(ஆ) இல் பின் அச்சு தாங்கும் மேலதிக விசை, ஏற்றிய சுமையின் நிறையைவிட 1000 நியூட்டன் அதிகம். அந்த 1000 நியூட்டன் முன் அச்சிலிருந்து குறைகின்றது. அதாவது முன் சில்லுகள் "தூக்கப்படுகின்றன". ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கினதும் மாறிலி 50 எனின், (அ) இல் வாகனம் 50 மில்லிமீற்றர் தாழும். (ஆ) இல் 70 மில்லிமீற்றர் தாழும். ஒரே சுமைதான்; பெட்டிகளை முன்னே தள்ளி அடுக்கினால் ஒரு சதமும் செலவின்றி 20 மில்லிமீற்றர் உயரம் கிடைக்கின்றது.

4. காரணத்தைக் கண்டறியும் பரிசோதனை

உயர்த்தும் முன் காரணத்தை அறிதல் வேண்டும். மணலில் சில்லு புதையும்; எனவே சீமெந்துத் தளத்தில் அல்லது சமமான தார் வீதியில் வாகனத்தை நிறுத்துக. டயர்களின் காற்று அமுக்கம் சரியாக இருத்தல் வேண்டும். வெற்று வாகனத்தில், பின் சில்லின் மையத்திலிருந்து நேர் மேலே சில்லு வளைவின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு புறமும் அளக்குக. பின்னர் 50 கிலோகிராம் சீமெந்துப் பை நான்கினைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து மீண்டும் அளக்குக. மேலே கூறிய மாறிலிப்படி வாகனம் 20 மில்லிமீற்றர் தாழ வேண்டும். உண்மையான வாகனத்தில், நல்ல நிலையிலுள்ள அதே வகை வாகனமொன்றுடன் ஒப்பிட்டு முடிவு காண்க.

• வெற்று உயரம் இரு புறமும் குறைவு. சுமைக்குத் தாழும் அளவு வழமையானது: வளைவு இழக்கப்பட்டுள்ளது.
• ஒரு புறம் மட்டும் தாழ்வு: அப்புறத்தில் தகடு உடைந்திருக்கலாம்.
• சுமைக்கு வழமையை விட அதிகம் தாழ்கின்றது: தகடு உடைந்துள்ளது அல்லது மெலிந்துள்ளது.
• இரண்டும் வழமையானவை. வேலை நாளில் மட்டும் தாழ்கின்றது: சுமை அதிகம், அல்லது பின்னால் வைக்கப்படுகின்றது. குறை ஸ்பிரிங்கில் இல்லை.

5. உயர்த்தும் முறைகள்

(1) ஸ்பிரிங் அடுக்கை முழுமையாக மாற்றுதல்: செலவு கூடியது, ஆயினும் உயரமும் நம்பகத்தன்மையும் ஒருங்கே கிடைக்கும். தகடு உடைந்த அல்லது துரு அரித்த நிலையில் இதுவே சிறந்தது. இரு புறமும் ஒன்றாக மாற்றப்படல் வேண்டும்.

(2) மீண்டும் வளைத்தல்: தகடுகளைக் கழற்றி வளைவைக் கூட்டுவர். ஸ்பிரிங் உருக்கு, வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றது. காஸ் சுவாலையால் சூடாக்கி வளைத்து, மீண்டும் முறையாகப் பதப்படுத்தாவிடின் அது விரைவில் தாழும். தகட்டில் வெல்டிங் செய்வதும் இக்காரணத்தால் ஆபத்தானது.

(3) தகடு சேர்த்தல்: உயரமும் மாறிலியும் கூடும். ஏறத்தாழ ஒத்த ஐந்து தகடுகளுடன் ஆறாவதைச் சேர்த்தால் மாறிலி 50 இலிருந்து 60 வரை உயரும் எனக் கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 3000 நியூட்டன் தாங்கும்போது, 60 மில்லிமீற்றர் தாழ்ந்தது இனி 50 மில்லிமீற்றர் மட்டுமே தாழும். வெற்று வாகனம் முன்பைவிடத் துள்ளும் என்பது இதன் குறைபாடு.

(4) நீண்ட ஷெக்கிள் பொருத்துதல்: ஸ்பிரிங்கின் முன் முனை நிலையானது, அச்சு ஏறத்தாழ நடுவில் உள்ளது. ஆகவே ஷெக்கிளை 40 மில்லிமீற்றர் நீட்டினால் அச்சின் மேல் வாகனம் ஏறத்தாழ 20 மில்லிமீற்றரே உயரும். மாறிலி மாறாது.

(5) கட்டை வைத்தல்: அச்சுக்கும் அதன் மேலுள்ள ஸ்பிரிங்குக்கும் இடையே உலோகக் கட்டையை வைத்து, நீண்ட யூ போல்ட்டினால் இறுக்குவர். கட்டையின் உயரம் முழுவதும் கிடைக்கும், மாறிலி மாறாது. ஸ்பிரிங் அச்சின் கீழே உள்ள வாகனத்தில் இதே கட்டை வாகனத்தைத் தாழ்த்திவிடும் என்பதைக் கவனிக்க. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டைகளை அடுக்குதல் கூடாது.

(6) துணை ஸ்பிரிங் அல்லது காற்றுப் பை: சுமை ஏறும்போது மட்டும் உதவும்.

வேலையின்போது ஜக் மட்டும் தாங்கும் வாகனத்தின் கீழ் எவரும் செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் வைக்கப்பட்டு, முன் சில்லுகளுக்கு ஆப்பு இடப்படல் வேண்டும். வளைந்த தகடுகளில் மீள்தன்மை அழுத்த சக்தி சேமிக்கப்பட்டிருப்பதால், கிளாம்ப் இடாமல் நடு போல்ட்டைக் கழற்றினால் தகடுகள் பாயக்கூடும். இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலையாகும்.

6. உயர்ந்த வாகனம் வலுவான வாகனமா?

அன்று. 2005 ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகமான டாடா ஏஸ், நம் நாட்டில் "டிமோ பட்டா" என அழைக்கப்படுகின்றது. அது 750 கிலோகிராம் சுமைக்கென வடிவமைக்கப்பட்டது. அதன் மேல் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினால், தண்ணீர் மட்டுமே 1000 கிலோகிராம். தகடு சேர்த்துப் பின்புறத்தை நிமிர்த்தினாலும் மேலதிகமான 250 கிலோகிராம் மறைந்துவிடாது. அச்சு, டயர், பிரேக், செசி ஆகியன பழையனவே. ஒரே வேகத்தில் இயக்கச் சக்தி திணிவுக்கு நேர்விகித சமனாதலால், அதே பிரேக் கூடிய சக்தியை அகற்ற வேண்டியிருக்கும். வாகனம் உயர்ந்ததால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவுகளில் கவிழும் ஆபத்து கூடும்.

சில பிக்கப் வாகனங்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையிலான உயரத்தைக் கொண்டே சுமையை அறிந்து, பின் பிரேக்கின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உண்டு. பின்புறத்தை உயர்த்தி இவ்வால்வைச் சரிசெய்யாவிடின், "சுமை இல்லை" என அது கொள்ளும். சுமை ஏறிய வாகனத்தின் பின் பிரேக் அப்போது போதியளவு பிடிக்காது.

முன்பு, தாழ்ந்த பின்புறம் "சுமை அதிகம்" என எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை அகற்றிவிட்டு அதே சுமையை ஏற்றுவதே மிகப் பெரிய ஆபத்து. வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால், சாரதி உட்பட ஏற்றக்கூடிய அளவு கிடைக்கும். இக்கழித்தலை உங்கள் வீட்டு வாகனத்துக்கும் செய்து பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பின் ஸ்பிரிங்குகள் இரண்டினதும் மாறிலி தலா மில்லிமீற்றருக்கு 50 நியூட்டன். பின் அச்சுக்கு நேர் மேலே 8000 நியூட்டன் சுமை வைக்கப்பட்டால் வாகனம் எவ்வளவு தாழும்?

2. அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.5 மீற்றர். 500 கிலோகிராம் சுமையின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.5 மீற்றர் பின்னால் உள்ளது. பின் அச்சு தாங்கும் மேலதிக விசை யாது? முன் அச்சில் நிகழும் மாற்றம் யாது?

3. ஷெக்கிள் 60 மில்லிமீற்றர் நீட்டப்பட்டால் அச்சின் மேல் வாகனம் ஏறத்தாழ எவ்வளவு உயரும்? ஸ்பிரிங் மாறிலி மாறுமா?

4. கட்டை வைத்து உயர்த்திய பின் "இனி கூடுதலாக ஏற்றலாம்" என ஒருவர் கூறுகிறார். இக்கூற்று தவறு என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.

விடைகள்

1. ஒரு ஸ்பிரிங்கில் 4000 நியூட்டன்; 4000 ÷ 50 = 80 மில்லிமீற்றர்.
2. 5000 × 3 ÷ 2.5 = 6000 நியூட்டன்; முன் அச்சில் 1000 நியூட்டன் குறையும்.
3. 30 மில்லிமீற்றர், மாறாது.
4. ஸ்பிரிங் மாறிலி மாறவில்லை. அச்சு, டயர், பிரேக், செசி ஆகியவற்றின் தாங்கும் எல்லையும் மாறவில்லை. (ஈர்ப்பு மையம் உயர்வதையும் குறிப்பிடலாம்.)