துப்பாக்கி அனுமதிப்பத்திரம்: உரிமையா, அனுமதியா?

க.பொ.த. (சாதாரண தரம்) குடியியற் கல்வி – சட்டமும் பிரசையும்



2025ஆம் ஆண்டில் நாளிதழ் வாசித்தவர்களுக்குத் "துப்பாக்கிச் சூடு" என்ற தலைப்பு பழகிப் போயிருக்கும். அவ்வாண்டில் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள் இடம்பெற்றன. பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தின் உள்ளேயே, வழக்குக்காகச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி போன்று உடையணிந்து வந்தார். உட்பக்கங்கள் வெட்டி எடுக்கப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்றினுள் மறைத்தே துப்பாக்கி உள்ளே கொண்டு செல்லப்பட்டது. ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் லசந்த விக்கிரமசேகர தமது அலுவலகத்தில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் அரசியல்வாதிகள் பலர் தமக்குப் பாதுகாப்பு வேண்டும் எனக் கோரினர்.

இத்தகைய காலங்களிலேயே துப்பாக்கி அனுமதிப்பத்திரம் கேட்போரின் தொகையும் கூடுகின்றது. முகத்துவாரத்தில் நடைபெறும் எமது மாலை வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "சேர், விவசாயிக்குத் துவக்குக் குடுக்கிறாங்க. எங்க அப்பாட கடைக்கு ஏன் குடுக்க ஏலாது?" நல்ல கேள்வி. இதற்குச் சரியாக விடை சொல்லத் தெரிந்தால் இந்தப் பாடத்தின் பெரும் பகுதி உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சட்டம் எங்கிருந்து வந்தது?

இலங்கையில் துப்பாக்கி வைத்திருத்தலை ஒழுங்குபடுத்தும் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். சில நூல்களில் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் என்றும் காண்பீர்கள், இரண்டும் ஒன்றே. "கட்டளைச் சட்டம்" என்ற பெயரைக் கண்டவுடனேயே அது பிரித்தானியர் காலத்தில் இயற்றப்பட்டது என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். சுதந்திரத்தின் பின்னர் பாராளுமன்றம் இயற்றியவை "சட்டம்" என்றே அழைக்கப்படுகின்றன. 1915ஆம் ஆண்டுக் கலவரமும் அதையொட்டிய இராணுவச் சட்டமும் முடிந்து ஒரு வருடத்திலேயே இக்கட்டளைச் சட்டம் வந்தது என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இச்சட்டம் பல தடவைகள் திருத்தப்பட்டுள்ளது. அவற்றுள் முக்கியமானது 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். போர் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. தானியங்கித் துப்பாக்கிகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்போருக்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனை என்ற கடுமையான ஏற்பாடு இத்திருத்தத்தின் மூலமே வந்தது. ரி-56 போன்ற துப்பாக்கிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

அனுமதிப்பத்திரத்தின் இயல்பு

சட்டம் சொல்வது ஒரே வரி: அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் அனுமதிப்பத்திரம் என்றால் என்ன என்பதில்தான் மாணவர்கள் பலர் தடுமாறுகின்றார்கள். காணி உறுதியைப் போல அதை நினைத்துவிடுகின்றார்கள். உறுதி எழுதிய காணி உங்களுடையது. நீங்கள் விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அதை வைத்திருக்கும் அனுமதி அவ்வாறு உங்களுடையதாகாது. அது குறித்த ஓர் ஆளுக்கு, குறித்த ஒரு துப்பாக்கிக்கு, குறித்த ஒரு காரணத்துக்காக, குறித்த ஒரு காலத்துக்கு அரசு தரும் அனுமதி.

காலம் என்றது ஒரு வருடம். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிவடைகின்றது. அடுத்த ஆண்டுக்கான புதுப்பித்தலை ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் டிசம்பர் 31ஆம் திகதி வரையான காலத்துக்குள் செய்துகொள்ளுமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தல் வெளியிடுவது வழக்கம். புதுப்பிக்காமல் வைத்திருந்தால், நேற்றுவரை சட்டபூர்வமாக இருந்த அதே துப்பாக்கி இன்று சட்டவிரோதமானதாகிவிடும். துப்பாக்கி மாறவில்லை, வைத்திருப்பவரும் மாறவில்லை. அனுமதி மட்டுமே இல்லாமற் போனது. இந்த ஓர் உதாரணத்தை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

காரணம் என்றது இரண்டு பெரும் பிரிவுகளில் அடங்கும். முதலாவது பயிர்ப் பாதுகாப்பு. விவசாயி ஒருவர் தமது காணியைக் காட்டுப் பன்றி, குரங்கு போன்றவற்றிலிருந்து காப்பதற்கு வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக் கேட்கலாம். இது மாவட்டச் செயலாளரின் (அரசாங்க அதிபரின்) அதிகாரத்தின் கீழ் வருவது. விண்ணப்பதாரருக்கு உண்மையில் காணி உண்டா, அவர் எத்தகையவர் என்பவற்றைப் பிரதேச மட்ட உத்தியோகத்தர்களும் பொலிஸாரும் பார்த்து அறிக்கை தருவர். இரண்டாவது தற்பாதுகாப்பு. கைத்துப்பாக்கி, ரிவோல்வர் போன்றவை இதில் அடங்கும். இதற்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சிலிருந்து வர வேண்டும். இங்கே காணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உமது உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் உண்டா என்பதே வினா.

இப்போது அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். விவசாயிக்குக் கிடைப்பது அவர் விவசாயி என்ற மரியாதைக்காக அன்று. அவரது தேவையைக் கண்ணால் காணலாம். வயல் உண்டு, பன்றி வந்த தடமும் உண்டு. துப்பாக்கி நிற்க வேண்டிய இடமும் அந்த வயல்தான். கடைக்காரர் கேட்டால் "யாரிடமிருந்து, என்ன அச்சுறுத்தல்?" என்று அரசு கேட்கும். "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்பது அதற்கு விடையாகாது. அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை ஒவ்வொரு கடைக்கும் ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டிவரும். அவை அத்தனையும் மேசை இலாச்சியில் கிடந்தால் கள்வனுக்கு வேலை இலகுவாகுமா, கடினமாகுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இது வெறும் கற்பனை அன்று. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியாளர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் வீட்டில் செய்த குண்டுகளும் வேட்டைத் துப்பாக்கிகளுமே. அத்துப்பாக்கிகளில் பல கிராமத்து வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சட்டப்படி கொடுத்த துப்பாக்கியும் சட்டவிரோதக் கைக்குப் போகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே உதாரணம் இருக்கின்றது.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா?

முடியும். 2024 நவம்பரில் இதுவே நடந்தது. தற்பாதுகாப்புக்காகச் சிவிலியன்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளையும் ரவைகளையும் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. வெலிசறையில் உள்ள கடற்படையின் பிரிவில் அவை கையளிக்கப்பட வேண்டியிருந்தன. ஒவ்வொருவருக்கும் அத்தேவை இன்னும் இருக்கின்றதா என மீளாய்வு செய்வதே நோக்கம் என்று கூறப்பட்டது. ஒருவருக்கு அச்சுறுத்தல் இருந்த காலத்தில் கொடுத்த துப்பாக்கி, அச்சுறுத்தல் நீங்கிப் பல வருடங்களின் பின்னரும் அவரிடமே இருக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் மறுபக்கமும் உண்டு. துப்பாக்கி திருப்பி எடுக்கப்பட்ட மறு ஆண்டிலேயே மேலே சொன்ன கொலைகள் நடந்தன. "எங்களிடம் இருந்ததையும் வாங்கிவிட்டீர்கள், இனி எங்களை யார் காப்பது?" என்று கேட்பவரின் அச்சம் பொய்யானது என்று சொல்லிவிட முடியாது. என் அபிப்பிராயம்: அனுமதிப்பத்திரம் கேட்போர் தொகை கூடுவது துப்பாக்கி மீதான ஆசையைக் காட்டுவதைவிடப் பொலிஸ் மீதான நம்பிக்கை குறைவதையே காட்டுகின்றது. குற்றச் செயல்களுக்குப் பயன்படும் ரி-56களுக்கும் பிஸ்டல்களுக்கும் எவரும் விண்ணப்பப் படிவம் நிரப்பியதில்லை. அவை போர்க்காலத்திலிருந்து எஞ்சியவை, கடத்தி வரப்பட்டவை, அல்லது களஞ்சியங்களிலிருந்து கைமாறியவை. அனுமதிப்பத்திர விதியை இறுக்குவதால் மட்டும் அவை குறையப் போவதில்லை.

அமெரிக்காவுடன் ஓர் ஒப்பீடு

திரைப்படங்களில் பார்ப்பதைக் கொண்டு சில மாணவர்கள் "துப்பாக்கி வைத்திருப்பது மனித உரிமை" என்று எழுதிவிடுகின்றார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டின் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகின்றது. ஆயினும் நியூயோர்க் மாநிலம், வெளியிடத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல விரும்புபவர் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று நூறு வருடங்களுக்கு மேலாக விதித்திருந்தது. 2022 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. காரணம் கேட்பது நின்றதும் நியூயோர்க், நியூ ஜேர்சி, மேரிலாந்து ஆகிய மாநிலங்களில் விண்ணப்பங்கள் பெருகின.

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை, அதாவது அடிப்படை உரிமைகளை, 10ஆம் உறுப்புரை தொடக்கம் வாசித்துப் பாருங்கள். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை எங்கும் இல்லை. அதேவேளை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையான பிரிவுகளில் தற்காப்புரிமையை ஏற்றுக்கொள்கின்றது. உம்மைத் தாக்க வருபவரைத் தடுக்க உமக்கு உரிமை உண்டு. அதற்காகத் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கும் உரிமை இல்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வயல் பக்கத்துச் சிக்கல்

கொழும்பில் இருந்துகொண்டு விவசாயியின் நிலையை விளங்கிக்கொள்வது கடினம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8.00 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றைக் கணக்கெடுக்கும் முயற்சி நடந்தது. ஐந்து நிமிடக் கணக்கை ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. ஆனால் ஓர் அரசு இப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்தும் அளவுக்குப் பயிர்ச்சேதம் பெரிதாகிவிட்டது என்பது உண்மை. ஆகவே துப்பாக்கி கேட்கும் விவசாயியின் கோரிக்கையில் நியாயம் உண்டு.

ஆனால் பன்றிக்காகக் கொடுத்த துப்பாக்கி யானை மீதும் திரும்புகின்றது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 480க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. துப்பாக்கிச் சூடு அவற்றுக்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. யானை, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பயிர்ப் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் அதைச் சுடும் அனுமதி ஆகாது. இதைவிடக் கொடியது கட்டுத்துவக்கு. பாதையில் கட்டி வைக்கும் அத்துவக்கு, வருவது பன்றியா பள்ளிப் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. அதற்கு அனுமதிப்பத்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"வைத்திருத்தல்" என்ற சொல்

பரீட்சைக்கு அப்பாலும் உங்களுக்குத் தேவைப்படும் ஒரு விடயம் இது. சட்டம் தண்டிப்பது சுடுவதை மட்டுமன்று, வைத்திருப்பதையும்தான். துப்பாக்கி மட்டுமன்றி ரவைக்கும் இது பொருந்தும். நம் பகுதியில் வேலையற்ற இளைஞரிடம் "இந்தப் பொதியை இரண்டு நாளைக்கு வீட்டில் வை" என்றோ, "இந்த வீதியில் கொண்டுபோய்க் கொடு" என்றோ சொல்லிக் கொஞ்சம் பணம் கொடுப்பவர்கள் இருக்கின்றார்கள். உள்ளே தானியங்கித் துப்பாக்கி இருந்து, அது தெரிந்தே வைத்திருந்தார் எனக் காணப்பட்டால் ஆயுட்காலச் சிறை வரை போகலாம். "எனக்குத் தெரியாது" என்பதை நீதிமன்றம் நம்புமா இல்லையா என்பது வழக்கு முடியும்வரை தெரியாது. அதுவரை அந்தப் பிள்ளை விளக்கமறியலில் இருக்க நேரலாம். கடற்கரையிலோ வெற்றுக் காணியிலோ ரவை, துப்பாக்கி போன்றவற்றைக் கண்டால் தொடாமல் 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பயிற்சி வினா

அனுராதபுர மாவட்டத்தில் விவசாயம் செய்த ஒருவர் மே மாதத்தில் இறந்தார். பயிர்ப் பாதுகாப்புக்காக அவர் பெயரில் அனுமதிப்பத்திரம் பெற்ற துப்பாக்கி ஒன்று வீட்டில் உள்ளது. அவரது மகன் கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை நடத்துகின்றார். "அனுமதிப்பத்திரம் டிசம்பர் வரை செல்லும், துப்பாக்கியும் அப்பாவுடையது" என்று கூறி அவர் அதைத் தமது கடைக்குக் கொண்டுவர நினைக்கின்றார்.

(அ) அவர் அவ்வாறு செய்யலாமா? மூன்று காரணங்கள் தருக.

(ஆ) தமது கடைக்கு உண்மையான அச்சுறுத்தல் இருப்பின் அவர் எந்த அதிகாரியிடம், எவ்வகை அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

குறிப்பு: ஆள், காரணம், இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்து எழுதுங்கள். "தந்தையின் சொத்து மகனுக்கு" என்று தொடங்கினால் விடை வழி தவறிவிடும்.