பரிசல் துறையில் ஒரு கயாக்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறாத தர்மபுரிக்காரர் அபூர்வம். ஆயினும், மூங்கிலை முடைந்து மேலே தோலோ தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்போ போர்த்தி, ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்லும்படி அமைக்கப்படும் அந்த வட்ட ஓடமும், வடதுருவத்தை அடுத்த பனிக்கடலில் இன்யூட் மக்கள் கரையொதுங்கிய கட்டைகளைச் சட்டமாகக் கட்டி, சீல் என்னும் கடல்நாயின் தோலைப் போர்த்தி வேட்டைக்குக் கொண்டு சென்ற நீண்டு கூரான கயாக்கும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டிலும் பாரத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் கூடு. நீரைத் தடுப்பது வெளியிலிருக்கும் போர்வை. ஒன்று பழுதானால் மற்றொன்றை வைத்துக்கொண்டு அதை மட்டும் புதுப்பித்துவிடலாம்.

இந்தக் குலம் மிகப் புராதனமானது. பாபிலோனுக்குச் சரக்கேற்றி வந்த வட்டத் தோலோடங்களைப் பற்றி எழுதிய கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ், வணிகர்கள் ஊர் சேர்ந்ததும் மரக்கூட்டை விற்றுவிட்டு, தோலை மட்டும் உடன் கொண்டுவந்த கழுதையின் மேல் ஏற்றித் தரைவழியே திரும்பினார்கள் என்று வியப்போடு குறித்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தைக் கண்ட போர்ச்சுகீசியப் பிரயாணி டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற தோலோடங்கள் பதினைந்து இருபது பேரை ஏற்றிச் சென்றதையும், அவை நேராகச் செல்ல மாட்டாமல் ஓயாது சுழன்றுகொண்டே போனதையும் விவரிக்கிறார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனியே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே 1933இல் வெளியிட்டார்.

இவற்றையெல்லாம் இங்கே சொல்லக் காரணம், வீட்டிலேயே ஒரு கயாக்கைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இக்காலத்து இளைஞர் சிலருக்கு உண்டாகியிருப்பதுதான். அவர்கள் முதலில் கேட்பது எந்த வரைபடம் நல்லது, எந்த ப்ளைவுட் வாங்கலாம் என்பது. எந்தத் தண்ணீரில் மிதக்கப்போகிறது என்ற கேள்வி அவற்றுக்கு முந்தியது என்பதும், அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே தீர்ந்துவிடும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். பரிசல் கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

ஒரு பரிசல் உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிளந்து சீவிய மூங்கில் பத்தைகளைத் தரையில் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடித்தளத்தை முடைந்து, அது எழும்பாமலிருக்கக் கல்லை ஏற்றி, பச்சை மூங்கிலின் வளையும் குணம் மாறுவதற்குள் ஓரங்களை மேலே தூக்கி வளைத்து, விளிம்பைத் தடித்த வடம்போல் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். ஆணி கிடையாது, வரைபடம் கிடையாது, அளவுகோல் பெரும்பாலும் கையும் கண்ணுமே. சுமார் ஏழடி விட்டமுள்ள அந்தக் கூடு பாறையில் மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கிறது. பாயஸ் குறையாகக் கண்ட அந்தச் சுழற்சியோ, பாறை இடுக்குகளுக்கு நடுவே காவிரி பீறிட்டுப் பாயும் ஒகேனக்கல்லில் பெரிய குணமாகிறது. எந்தப் பக்கம் மோதினாலும் பரிசலுக்கு அதுவே முன்பக்கம். ஒற்றைத் துடுப்பின் ஒரு தள்ளலில் திரும்பிக்கொள்ளும்.

பதினைந்து அடி நீளமுள்ள கயாக் அந்த இடத்திற்கு ஏற்றதன்று. முனை ஒரு பாறையிலும் வால் மற்றொன்றிலும் சிக்கிக்கொண்டு பிரவாகம் நடுவே அழுத்தினால், எத்தனை நேர்த்தியாகக் கட்டிய சட்டமும் முறிந்துபோகும். அதற்குரிய தண்ணீர் நம் மாவட்டத்திலேயே கொஞ்சம் கீழே இருக்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது, ஒட்டனூர், நாகமரை ஆகிய கரைகளின் முன்னே காவிரி அகன்று நிதானமாகிவிடுகிறது; அங்கே நீண்ட தூரம் நேராகச் செல்வதுதான் ஓடத்திற்கு வேண்டிய குணம், அதுதான் கயாக்கின் விசேஷம்.

தண்ணீர் தெரிந்துவிட்டதால் வடிவத்தைத் தேர்வது சுலபம். கிரீன்லாந்துக்காரர்கள் ஓட்டுகிறவனின் உடம்பையே அளவாகக் கொண்டார்கள்: நீளம் விரித்த கைகளைப்போல் மூன்று மடங்கு, அகலம் இடுப்போடு இரண்டு முஷ்டி. அவ்வளவு ஒடுங்கிய ஓடத்தில் உட்காரப் பழக்கம் வேண்டும். ஆதலால் முதன்முதலாகக் கட்டுகிறவர் நடு அகலம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாத, அடி ஓரளவு தட்டையான வடிவத்தை எடுத்துக்கொள்வதே விவேகம். நீராவியில் விலா வளைக்கும் பழைய முறை அழகானதுதான், ஆனால் அனுபவத்தை வேண்டுவது. ப்ளைவுட்டில் ஐந்தாறு குறுக்குச் சட்டங்களை வெட்டி நிறுத்தி, அவற்றின் ஓரங்களில் வெட்டிய பள்ளங்களில் நீளவாட்டுச் சட்டங்களைப் பதித்துக் கயிற்றால் கட்டுகிற முறை தச்சு அதிகம் தெரியாதவருக்கும் கைவரும்.

குறுக்குச் சட்டத்துக்கு ப்ளைவுட்டையே ஏன் நாட வேண்டும் என்றால், நடுவே பெரிய ஓட்டை விட்டு வளையம்போல் ஒரு சட்டத்தைச் சாதாரணப் பலகையில் வெட்டினால், நார் குறுக்கே ஓடும் இடத்தில் அது பிஸ்கட்டைப்போல் ஒடிந்துவிடும். ஓர் அடுக்கின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் ஓடும் ப்ளைவுட்டில் எந்தப் பக்கத்திலும் சிறிது பலம் இருந்தே தீரும். இதே காரணத்தால் நீளவாட்டுச் சட்டத்துக்கு அது உதவாது. அங்கே பாதி அடுக்குகளின் நார் வீணாகக் குறுக்கே கிடக்கும்.

கடைக்குப் போகிறவர் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தையோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. மெரைன் ப்ளைவுட்டுக்குரிய இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 710; ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணும் பலகையில் அச்சாகியிருக்க வேண்டும். அதன் பசை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. யூரியாப் பசையால் ஒட்டிய மலிவுச் சரக்கோ கொதிநீரில் விரைவிலேயே விரிந்துவிடும். துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அடுப்பில் சில மணி நேரம் கொதிக்க வைத்து, உலர்த்தி, உளியின் நுனியால் நெம்பிப் பாருங்கள். நல்ல பலகையில் மரம்தான் கிழியும், பசை விடாது. அறுத்த விளிம்பை வெயிலில் திருப்பிப் பார்த்தால் உள்ளடுக்குகளின் இடையே இருண்ட சந்துகள் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். அந்தச் சந்து, கயிறு கட்டும் பள்ளத்தில் வந்து விழுந்தால் சட்டம் அங்கேதான் பிளக்கும். 12 மில்லிமீட்டர் கனம் போதும். எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றில் பெரும்பாலும் எல்லாச் சட்டங்களும் அடங்கிவிடும். வெட்டியபின் ஒவ்வொரு விளிம்புக்கும் எபாக்ஸியோ நல்ல வார்னிஷோ மறவாமல் பூச வேண்டும், ஏனெனில் நீர் நுழைவது முகத்தின் வழியாக அல்ல, விளிம்பின் வழியாகவே.

நீளவாட்டுக்கு நார் நேராக ஓடும் இலேசான மரம் தேவை. அயல்நாட்டு வரைபடங்கள் சொல்லும் மரங்களைத் தேடி அலைய வேண்டாம். முற்றிய மூங்கிலைச் சீராகப் பிளந்து, சில வாரம் நீரில் ஊறப்போட்டால் பூச்சியை ஈர்க்கும் மாச்சத்து கரைந்துபோகும், பின் நிழலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். மூங்கிலைத் தேர்வதிலும் பிளப்பதிலும் ஒகேனக்கல் பரிசல் தொழிலாளிக்குத் தெரிந்ததை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. அதைக் கற்கக் கூலி கொடுத்து அவரை அழைப்பதே முறை. போர்வைக்கு அடர்த்தியாக நெய்த நைலான் துணியோ கான்வாஸோ இழுத்துத் தைத்துப் பெயிண்ட் அடித்தால், முழு ஓடமும் 20 கிலோவுக்குள் அடங்கும்.

இத்தனை இலேசான பொருள் எவ்வளவு தாங்கும் என்று ஐயுறுகிறவர்களுக்கு ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியரை நினைவூட்டலாம். 1932இல் ஊல்ம் நகரில் மரச்சட்டமும் ரப்பர் பூசிய துணியுமான மடிப்புக் கயாக்கில் புறப்பட்ட அவர், வழியில் ஓடங்களை மாற்றிக்கொண்டு, இந்தியக் கரைகளையும் இலங்கையையும் தொட்டு, 1939இல் ஆஸ்திரேலியாவின் எல்லைத் தீவை அடைந்தார். நம் சோழமண்டலக் கரையும் அந்தத் துணியோடத்தைக் கண்டதுதான்.

கட்டி முடித்தவர்கள், நீர்வரத்து உயர்ந்து மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதித்திருக்கும் நாட்களில் தங்கள் கயாக்கையும் கரையிலேயே வைத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் உயிர்காப்பு உடுப்பு அணிந்து, அந்தத் துறையை அறிந்த பரிசல்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டே முதலில் இறங்க வேண்டும்.