நூறு ஏக்கரும் ஒரு மனமும்

நிலத்தைத் தானமாகக் கேட்டு ஊர் ஊராக நடந்தார் வினோபா பாவே. லட்சக்கணக்கான ஏக்கர்கள் கிடைத்தன. மனங்கள் மாறினவா?

கேட்டது 80 ஏக்கர். கிடைத்தது 100 ஏக்கர்.

1951 ஏப்ரல் 18. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் (இன்று யாதாத்ரி புவனகிரி மாவட்டம்) போச்சம்பள்ளி என்ற நெசவாளர் கிராமம். வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்ட, மெலிந்த உருவம் கொண்ட 55 வயது மனிதர் ஒருவர் அங்கே நடந்து வந்து சேர்ந்தார். காந்தியின் சீடர் வினோபா பாவே. சேரிக்குப் போனார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த 40 தலித் குடும்பங்களுக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. 80 ஏக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்வோம், நஞ்சை 40, புஞ்சை 40 போதும் என்றார்கள்.

வினோபாவிடம் நிலம் இல்லை. மனு எழுதிக் கொடுங்கள், அரசாங்கத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்பதுதான் முதலில் அவருக்குத் தோன்றிய வழி. பிறகு, கூடியிருந்த ஊராரைப் பார்த்து, சர்க்கார் தரும்வரை காத்திருக்காமல் உங்களில் யாராவது இவர்களுக்கு உதவ முடியாதா என்று கேட்டார். பெரிய எதிர்பார்ப்போடு கேட்ட கேள்வி அல்ல அது. ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி. ஊரின் நிலக்கிழார். நான் 100 ஏக்கர் தருகிறேன் என்றார். தம் நிலத்தில் ஒரு பகுதி தகுதியானவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது காலஞ்சென்ற தந்தையின் விருப்பம் என்றும் சொன்னார்.

பூமிதான இயக்கத்தின் கதை வழக்கமாக இந்த இடத்தில்தான் கைதட்டலோடு முடியும். பலரும் கவனிக்காமல் விடுவது அதற்கடுத்து நடந்ததை. 100 ஏக்கர் என்று கேட்டதும், எங்களுக்கு 80 ஏக்கர் போதும் என்றார்கள் அந்த 40 குடும்பத்தினர். கொடுக்கத் துணிந்தவர் ஒரு பக்கம். அதிகமாகக் கிடைத்தபோதும் போதும் என்றவர்கள் மறுபக்கம். அன்று அந்தக் கூட்டத்தில் யாருடைய செயல் பெரியது என்று தீர்மானிப்பது சுலபமல்ல.

பயமா, பரிவா?

ரெட்டியின் கை தானாகத் திறந்ததா, காலம் திறக்க வைத்ததா? அன்றே எழுந்த கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

நல்கொண்டா அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. நிஜாம் ஆட்சியில் தேஷ்முக்குகளும் ஜாகீர்தார்களும் பல்லாயிரம் ஏக்கர்களைக் கைக்குள் வைத்திருந்தார்கள். கூலியில்லாமல் உழைக்க வைக்கும் 'வெட்டி' முறை தழைத்திருந்தது. 1946-ல் வெடித்த கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நிலங்களைப் பறித்து உழுபவனிடம் கொடுத்தது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. நிஜாமை அடக்கிய கையோடு போராளிகளையும் வேட்டையாடியது. பகலில் போலீஸ், இரவில் கெரில்லாக்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் இல்லை. இந்தச் சூழலில் 100 ஏக்கர் கொடுத்தவர் கருணையால்தான் கொடுத்தாரா?

முழுக் கருணை என்றால் அது கதை. முழுப் பயம் என்றாலும் உண்மை பாதிதான் கிடைக்கும். பயந்த நிலக்கிழார்கள் அந்தப் பகுதியில் ஏராளம். பலர் ஹைதராபாத்துக்கு ஓடினார்கள், சிலர் போலீஸ் பாதுகாப்பு கேட்டார்கள். எல்லாருக்கும் இருந்த பயம் இவரை மட்டும் எழுந்து நிற்க வைத்தது ஏன்? தந்தையின் சொல், எதிரே உட்கார்ந்திருந்த 40 குடும்பங்கள், ஊரார் முன்னிலையில் கேட்கப்பட்ட ஒரு மென்மையான கேள்வி எல்லாம் சேர்ந்துதான் அந்த நிமிடம் அமைந்தது. மனித மனம் ஒரே காரணத்துக்காக மாறுவது அபூர்வம்.

ஆறாவது பிள்ளை

இரவு முழுக்க யோசித்த வினோபா, மறுநாள் முதல் நிலம் கேட்டு நடக்கத் தொடங்கினார். தெலங்கானாவில் 51 நாட்கள் நடந்ததில் 12,000 ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. செப்டம்பரில் ஐந்தாண்டுத் திட்டம் பற்றிப் பேச நேரு அழைத்தபோது, வார்தா அருகிலுள்ள பவ்னார் ஆசிரமத்திலிருந்து டெல்லிக்கும் நடந்தே போனார். வழியெல்லாம் நிலம் கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில்தான் சூட்சுமம் இருந்தது. தானம் என்ற சொல்லுக்குப் பிச்சை என்று அவர் பொருள் கொள்ளவில்லை. சமமாகப் பங்கிடுவதே தானம் என்ற சங்கரரின் விளக்கத்தை எடுத்துக்கொண்டார். உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக நினையுங்கள், என் பங்கைக் கொடுங்கள், அதை நிலமில்லாதவனுக்குத் தருகிறேன் என்றார். பிச்சைக்காரனை வாசலிலிருந்து விரட்டலாம். பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை எப்படி விரட்டுவது?

இன்னொன்றும் செய்தார். ஏழைகளிடமும் வாங்கினார். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் அதிலும் ஒரு துண்டைக் கொடுத்தபோது அவர் மறுக்கவில்லை. இருப்பவனிடம் கேட்பதுதானே, இல்லாதவனிடம் ஏன் என்று விமர்சித்தார்கள். சின்னவன் கொடுத்ததைப் பார்த்த பெரியவனால் கையை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் கணக்கு. நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர் பெயருக்கு ஒரு ஏக்கர் நீட்டினால் வாங்க மறுத்ததும் உண்டு. ஆறில் ஒரு பங்கு எங்கே என்பார்.

நாட்டில் சாகுபடி நிலம் சுமார் 30 கோடி ஏக்கர், அதில் ஆறில் ஒன்று 5 கோடி ஏக்கர், அதை 1957-க்குள் திரட்ட வேண்டும். இதுதான் இலக்கு. 1952-ல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமம் ஒருபடி மேலே போனது. ஊர் நிலம் முழுவதையும் பொதுவில் ஒப்படைத்து முதல் கிராமதானம் ஆனது. 1954-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தன் வாழ்நாளையே இயக்கத்துக்குக் கொடுப்பதாக புத்த கயாவில் அறிவித்தார்.

கணக்கு சொல்லும் கதை

கிடைத்தது 40 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். இலக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஏறக்குறைய பாதிதான் நிலமில்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியில் கணிசமான பகுதி பாறை, மணல், காடு, அல்லது ஏற்கெனவே வழக்கில் சிக்கிய நிலம். உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்து, எப்படியும் போகப்போகிற நிலத்தைத் தானம் என்று எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். மேடையில் அறிவித்துவிட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவர்களும் இருந்தார்கள்.

நல்ல நிலம் கிடைத்தவர்கள் பாடும் சுலபமாக இல்லை. மாடு யார் தருவது? விதை, ஏர், கிணறு? கையில் காசில்லாதவனிடம் தரிசைக் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று போய்விட்டால் அது இன்னொரு சுமை. நிலத்தைத் திரட்ட இருந்த வேகம் அதைப் பண்படுத்த இருக்கவில்லை.

அடுத்தது வாரிசுகள். அப்பா கொடுத்ததை மகன் மறுத்த கதைகள் பல மாநிலங்களில் உண்டு. பூமிதான நிலத்தை வாரிசாக அனுபவிக்கலாம், விற்கக் கூடாது என்கின்றன சட்டங்கள். ஆனால் ஹைதராபாத் நகரம் வளர்ந்து, சுற்றுப்புற நிலத்தின் விலை கோடிகளைத் தொட்டபின், பூமிதான நிலங்கள் முறைகேடாகக் கைமாறிய புகார்கள் நீதிமன்றம் வரை போயின. எந்த மண்ணில் இயக்கம் பிறந்ததோ அங்கேயே இந்த நிலை. மாறிய மனம் பரம்பரைச் சொத்து அல்ல. தந்தையின் மனம் மாறியதால் மகனின் மனமும் மாறிவிடாது.

கொள்ளையர் கீழே வைத்த துப்பாக்கி

அப்படியானால் மனமாற்றம் என்பதே மாயையா? சம்பல் பள்ளத்தாக்கு வேறு பதில் சொல்கிறது.

கொள்ளைக்காரன் மான் சிங்கின் மகன் தெஹ்சில்தார் சிங், தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்தபோது வினோபாவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஆட்களைச் சந்தியுங்கள் என்ற வேண்டுகோள். 1960 மே மாதம் வினோபா அந்தப் பள்ளத்தாக்குகளில் நடந்தார். சுமார் 20 கொள்ளையர்கள் அவர் முன் ஆயுதங்களை வைத்தார்கள். நாடே வியந்தது. ஆனால் பிறகு வழக்குகள், சிறை, குடும்பங்களின் திண்டாட்டம். போலீசுக்கும் இந்த ஏற்பாட்டில் விருப்பம் இல்லை. புதிதாக யாரும் வரவில்லை.

12 ஆண்டுகள் கழித்து, 1972 ஏப்ரலில், அதே பகுதியிலுள்ள ஜௌராவில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் மோகர் சிங், மாதோ சிங் உள்ளிட்டோர் சரணடைந்தார்கள். அடுத்தடுத்து நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். காந்தியவாதி எஸ்.என். சுப்பாராவ் அங்கே ஆசிரமம் அமைத்து ஆண்டுக்கணக்கில் செய்த வேலை பின்னணியில் இருந்தது. இந்த முறை ஏற்பாடுகளும் இருந்தன. தூக்குத் தண்டனை இல்லை என்ற உறுதி, திறந்தவெளிச் சிறை, விடுதலைக்குப் பின் பிழைக்க நிலம். பலர் தண்டனை முடிந்து விவசாயிகளாக வாழ்ந்தார்கள்.

இரண்டு சரணாகதிகளுக்கும் உள்ள வித்தியாசம் நெஞ்சில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. பரிவு மனத்தைத் திறக்கிறது. திறந்த மனம் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, அடுத்த நாள் காலையில் பிழைக்க ஒரு வழி வேண்டும்.

கீழத்தஞ்சையில் ஒரு பாடம்

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டில் நன்றாகப் படித்தவர்கள் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி. இருவரும் வினோபாவோடு நடந்தவர்கள். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்ட பின், அந்தப் பகுதியையே தங்கள் களமாக்கிக்கொண்டார்கள். தானம் கேட்பதோடு நிற்கவில்லை. 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களோடு பேசி நியாய விலைக்கு விற்கச் சம்மதிக்க வைத்தார்கள், வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள், ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். எரித்தவர்களின் ஊர்ப்பக்கமே போய், எதிரி என்று யாரையும் ஒதுக்காமல் பேசியது பரிவு. பத்திரமும் கடனும் பட்டாவும் அந்தப் பரிவுக்குக் கிடைத்த கால்கள். 2008-ல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற சிறிய கோண்டு ஆதிவாசி கிராமம் இருக்கிறது. 2013-ல், பூமிதானம் பழங்கதையாகிவிட்ட காலத்தில், அந்த ஊரார் தங்கள் விளைநிலங்களைக் கிராமசபையின் பெயருக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். 1964-ம் ஆண்டின் மகாராஷ்டிர கிராமதானச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். நிலத்தில் இருபதில் ஒரு பங்கு நிலமில்லாதவர்களுக்கு. மீதியை அவரவர் உழுதுகொள்ளலாம், வெளியாருக்கு விற்க முடியாது. மகாத்மாவின் சீடர் யாரும் அன்று வாசலில் நிற்கவில்லை. துப்பாக்கி பயமும் காரணம் அல்ல. எதையும் கூடிப் பேசி, அனைவரும் சம்மதித்த பிறகே முடிவெடுப்பது பல ஆண்டுகளாக அந்த ஊரின் வழக்கம். மூங்கிலையும் காட்டையும் பொதுவில் காத்துப் பழகிய கைகளுக்கு, வயலைப் பகிர்வது அடுத்த அடியாக மட்டுமே இருந்தது.

மனம் மாறினால் கை திறக்கும் என்று நினைக்கிறோம். மேந்தா லேகாவில் நடந்தது தலைகீழ். கை திறந்து பழகியது, மனம் பின்னால் வந்தது. சுயநலம் என்பது பெரும்பாலும் பழக்கம். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் ஊறிய பழக்கம். உபதேசத்தால் அது போவதில்லை. ஒருமுறை கொடுத்துப் பார்த்து, கொடுத்த பின்னும் தான் அழிந்துவிடவில்லை என்று தெரிந்துகொள்ளும்போதுதான் பிடி தளர்கிறது.

இன்று அந்த ஊரின் பெயர் பூதான் போச்சம்பள்ளி. இக்கத் பட்டுச் சேலைகளுக்காக உலகம் அதை அறிந்திருக்கிறது. 2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. சேலை வாங்க வருகிறவர்கள் வினோபா நினைவு மந்திரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 100 ஏக்கர் கொடுத்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. 80 ஏக்கர் போதும் என்ற 40 குடும்பங்களின் பெயர்களைப் பெரும்பாலோர் கேட்டதே இல்லை. ஆனால் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன என்பதை, அன்று கொடுத்தவருக்கும் கேட்டவருக்கும் சேர்த்துக் காட்டியவர்கள் அவர்கள்தான்.